சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர: பாடசாலைக் கட்டணத்தை ஒழித்தவரின் அரசியல் வாழ்வு



இலவசக் கல்வியின் தந்தை யார் என்று கேட்டால் உங்களில் எவரும் தடுமாறமாட்டீர்கள். கன்னங்கர என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவீர்கள். ஒரு புள்ளி வினாவுக்கு அது போதும். ஆனால் அவர் என்ன செய்தார், ஏன் செய்தார், எதிர்த்தவர்கள் யார் என்று விளக்கி எழுதும்படி கேட்டால் பலரது விடைத்தாள் மூன்று வரியில் நின்றுவிடுகிறது. மூன்று வரியில் ஒரு வரி பெரும்பாலும் பிழையாகவும் இருக்கிறது. 1945ஆம் ஆண்டுக்கு முன் இலங்கையில் எந்தப் பிள்ளையும் காசு கொடுக்காமல் படிக்க முடியாது என்று எழுதுகிறார்கள். அது உண்மையன்று. உண்மை எது என்பதை விளங்கிக்கொண்டால்தான் இந்த மனிதர் செய்த காரியத்தின் பெறுமதி உங்களுக்குப் புரியும். அதனைச் சற்றுப் பின்னர் விரிவாக நோக்குவோம். முதலில் அவருடைய ஆரம்பகாலத்தைப் பார்த்துவிடுங்கள்.

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேக்கோன் கன்னங்கர 1884ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆந் திகதி அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள ரந்தொம்பைக் கிராமத்திற் பிறந்தார். ஊரிலிருந்த வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பரிசளிப்பு விழாவுக்குக் காலி றிச்மன்ட் கல்லூரியின் அதிபர் வணபிதா டாரல் பிரதம விருந்தினராக வந்தார். பரிசுகளை அள்ளிக்கொண்டு போன அந்தச் சிறுவனைப் பார்த்து, இவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டிதான் வேண்டும் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும், அதன்பின் சிறுவனுக்கு றிச்மன்ட் கல்லூரியிற் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. அது கிடைத்திராவிட்டால் அவர் கிராமத்துப் பாடசாலையோடு நின்றிருக்கவும் கூடும். இந்த இடத்தைக் கவனியுங்கள். பிற்காலத்தில் அவர் நாட்டுக்குச் செய்தது, தனக்கு அதிட்டவசமாகக் கிடைத்த ஒன்றை மற்றப் பிள்ளைகளுக்கு அதிட்டத்தின் கையில் விடாமற் கிடைக்கச் செய்ததே.

றிச்மன்டில் அவர் கணிதத்திற் கெட்டிக்காரர். கிரிக்கெட் அணியின் தலைவராகவும் விளையாடினார். படிப்பு முடிந்தபின் அங்கேயே ஆசிரியரானார். பின்னர் கொழும்பு வெஸ்லிக் கல்லூரியிலும் மொறட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரியிலும் கற்பித்தார். கற்பித்துக்கொண்டே சட்டம் படித்து 1910இல் புரொக்டராகிக் காலியில் தொழிலைத் தொடங்கினார்.

அரசியலில் அவர் முதலில் உழைத்தது தமக்காக அன்று, ஒரு தமிழருக்காக. 1911இல் சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டபோது, அதற்குப் போட்டியிட்ட சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு ஆதரவாகக் கன்னங்கர தென்பகுதியில் வேலை செய்தார். இராமநாதன் வெற்றிபெற்றார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் இராணுவச் சட்டத்தின்கீழ் கைதானவர்களுக்காக இராமநாதன் சபையிலே குரல்கொடுத்ததை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் அறிவீர்கள். அதே காலத்தில் தெற்கில் நீதிமன்றங்களில் வாதாடியவர்களுள் கன்னங்கரவும் ஒருவர். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அதில் இணைந்தார். பின்னர் அதன் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினார். 1923இல் தென்மாகாணத்திலிருந்து சட்டநிரூபண சபைக்குச் சென்றார்.

இனி 1931க்கு வாருங்கள். டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கொடுத்தது. இது வெறும் தேர்தல் மாற்றமன்று. அதுவரை சபைக்குப் போக விரும்பிய கனவான் ஒருவர் சொத்துள்ளவரையும் படித்தவரையும் திருப்திப்படுத்தினாற் போதும். இப்போது வயலில் நிற்பவனும் வாக்காளன், அவன் மனைவியும் வாக்காளர். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்பார்கள். சர்வசன வாக்குரிமையையும் இலவசக் கல்வியையும் தனித்தனி அலகுகளாகப் படிக்காதீர்கள். முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது.

காலித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான கன்னங்கர, கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராகத் தெரிவாகி நாட்டின் முதலாவது கல்வி அமைச்சரானார். இன்றைய அமைச்சருக்கு உள்ள அதிகாரம் அன்றைய அமைச்சருக்கு இருக்கவில்லை. சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவுசெய்தது, அவரே அமைச்சர். குழுவிலுள்ளவர்களை இணங்கவைத்து, பிறகு அமைச்சர் சபையை இணங்கவைத்து, பிறகு அரசாங்க சபையின் வாக்கையும் பெறவேண்டும். நிதியோ பிரித்தானிய அதிகாரியான நிதிச் செயலாளரின் கையில். பதவியேற்ற காலமோ உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். எங்கும் செலவுக் குறைப்பு. இந்த நிலையிற் கல்விக்குப் பணம் கேட்பது இலேசான காரியமல்ல.

தமிழ் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டிய இன்னொரு விடயமும் இங்கே உண்டு. 1931 தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பின்படி வடக்கின் நான்கு தொகுதிகள் பகிஷ்கரித்தன. அவற்றுக்கு 1934இல்தான் உறுப்பினர் வந்தனர். ஆகவே நாட்டின் கல்வி அமைப்பு முதன்முதலாக இலங்கையர் கைக்கு வந்த மூன்று வருடங்களில் யாழ்ப்பாணத்தின் குரல் சபையில் இல்லை. முதல் அமைச்சர் சபையிலே பெரி சுந்தரமும் மாக்கான் மாக்காரும் இடம்பெற்றிருந்தனர். 1936இல் அமைந்த இரண்டாவது அமைச்சர் சபையின் எழுவரும் சிங்களவர். கன்னங்கரவும் அவர்களுள் ஒருவரே. இம்முறை அவர் மத்துகமைத் தொகுதியின் உறுப்பினர். பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது இத்தகைய விடயங்களை மறைத்துப் படிக்க வேண்டியதில்லை.

இப்போது ஆரம்பத்திற் சொன்ன பிழைக்கு வருவோம்.

கன்னங்கர அமைச்சரானபோது இலங்கையில் இரண்டு வகைப் பாடசாலைகள் இருந்தன. ஒன்று சுயமொழிப் பாடசாலை. தமிழ் அல்லது சிங்களத்திற் கற்பிக்கும் இப்பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. நாட்டுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையினர் இங்கேதான் படித்தார்கள். எழுத, வாசிக்க, கணக்குப் பார்க்கத் தெரிந்தபின் வயலுக்கோ கடலுக்கோ கடைக்கோ போனார்கள். கூடிப்போனால் ஒரு சுயமொழி ஆசிரியராகலாம். மற்றையது ஆங்கிலப் பாடசாலை. அங்கே கட்டணம் உண்டு. பெரும்பாலும் மிசனரிமாரும் ஏனைய சமயச் சங்கங்களும் நடத்திய இப்பாடசாலைகள் நகரங்களில் இருந்தன. கச்சேரி எழுதுவினைஞர் முதல் வைத்தியர், சட்டத்தரணி, சிவில் சேவை உத்தியோகத்தர் வரை எல்லாப் பதவிகளுக்கும் வாசல் ஆங்கிலமே. ஆகவே படிப்பு இலவசமாக இருந்தது, முன்னேற்றம் இலவசமாக இருக்கவில்லை. ஒரு பிள்ளை ஐந்து வயதில் எந்தப் பாடசாலையின் படியேறியதோ, அந்தப் படியிலேயே அதன் வாழ்க்கை பெரும்பாலும் முடிவாகிவிட்டது. தகப்பனின் கையிருப்பு பிள்ளையின் தலையெழுத்தானது.

இதனை உடைக்கக் கன்னங்கர எடுத்த முதல் முயற்சிகள் எல்லாம் வெற்றியளித்தன என்று சொல்ல முடியாது. 1930களில் ஹந்தெஸ்ஸ என்ற இடத்தின் பெயரால் அறியப்படும் கிராமியக் கல்வித் திட்டம் வந்தது. விவசாயம், கைத்தொழில், சுகாதாரம் எனக் கிராம வாழ்க்கையோடு ஒட்டிய பாடங்கள் அதில் இருந்தன. நோக்கம் நல்லது. ஆனால் கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியும் நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமுமா என்ற ஐயம் பெற்றோருக்கு எழுந்தால் அதிற் பிழை சொல்ல முடியுமா? திட்டம் நீடித்து நிற்கவில்லை. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தியது. அதனைப் பெயரளவில் நினைவில் வைத்திருந்தாற் போதும்.

உண்மையான திருப்பம் மத்திய பாடசாலைகள். நல்ல கட்டடம், ஆய்வுகூடம், நூலகம், விடுதி ஆகிய வசதிகளுடன் ஆங்கில இடைநிலைக் கல்வி தரும் பாடசாலைகளைக் கிராமப்புறத்திலேயே கட்டுவது அவரது எண்ணம். அவருடைய சொந்தத் தொகுதியான மத்துகமையில் அமைந்த பாடசாலை ஆரம்பகாலத்தவற்றுள் ஒன்று. அது பின்னர் அவர் பெயரையே பெற்றது. அவர் காலத்தில் இவ்வாறு 54 மத்திய பாடசாலைகள் உருவாயின. ஐந்தாந் தரத்தில் ஒரு தெரிவுப் பரீட்சை. அதிற் சித்தியடையும் கிராமத்துப் பிள்ளைக்கு மத்திய பாடசாலையில் இடம், விடுதியில் உணவும் உறைவிடமும். நீங்கள் பத்து வயதில் நெஞ்சு படபடக்க எழுதிய புலமைப்பரிசில் பரீட்சையின் வேர் இதுதான். கிராமத்துப் பிள்ளையை வெளியே எடுப்பதற்காக வந்த பரீட்சை, பின்னாளில் நகரத்துப் பெரிய பாடசாலைகளில் இடம்பிடிக்கும் ஓட்டமாக மாறியதற்கு அவர் பொறுப்பல்லர்.

கிழக்கு மாகாணத்தில் மட்டக்களப்புக்கு அருகே வந்தாறுமூலையில் அமைந்த மத்திய பாடசாலையைப் பலர் அறிவீர்கள். சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகள் பலர் அங்கே தங்கிப் படித்து ஆசிரியர்களாகவும் உத்தியோகத்தர்களாகவும் வெளியே வந்தார்கள். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அந்த வளாகத்திலேயே தொடங்கப்பட்டது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

1940இல் கல்வி பற்றிய விசேட குழு நியமிக்கப்பட்டது. கன்னங்கரவே தலைவர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் உபவேந்தரான ஐவர் ஜெனிங்ஸும் இக்குழுவில் இருந்தார். குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாதல் வேண்டும், ஆரம்பக் கல்வி தாய்மொழியில் நடைபெறவேண்டும், பிள்ளையின் ஆற்றலுக்கேற்ப இடைநிலைக் கல்வி அமையவேண்டும் என்பன அதன் முக்கிய விதப்புரைகள்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்பது நிதி தொடர்பானவர்களின் கேள்வி. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அது நியாயமான கேள்விதான். உதவி நன்கொடை பெற்றுப் பாடசாலை நடத்திய சமய நிறுவனங்கள், கட்டணம் போனால் தங்கள் சுதந்திரமும் போய்விடும் என அஞ்சின. இவை வெளிப்படையான காரணங்கள். வெளியே சொல்லப்படாத காரணமும் இருந்தது. எல்லோர் வீட்டுப் பிள்ளையும் ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்கு வந்தால் தோட்டத்திலும் வயலிலும் வீட்டிலும் வேலைசெய்வது யார் என்று வசதியுள்ள சிலருக்குக் கவலை. அமைச்சர் சபையிலேயே உற்சாகம் குறைவாக இருந்தது.

1944 மே மாத இறுதியில் கன்னங்கர அறிக்கையை அரசாங்க சபையில் சமர்ப்பித்து நீண்ட உரை நிகழ்த்தினார். அதே மே மாதத்தில் அதே சபையில் மொழி பற்றிய விவாதமும் நடந்ததை மறக்கவேண்டாம். சிங்களத்தைப் போதனாமொழியாகவும் அரசகரும மொழியாகவும் ஆக்கவேண்டும் என்று ஜே.ஆர். ஜயவர்தன பிரேரணை கொண்டுவந்திருந்தார். அதிலே தமிழையும் சேர்க்கவேண்டும் என்று திருகோணமலை மட்டக்களப்புத் தொகுதி உறுப்பினர் வ. நல்லையா திருத்தம் கொண்டுவர, சபை அதை ஏற்றுக்கொண்டது. இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் தமிழ்ப் பிள்ளைக்குச் சேர்ந்தே வந்த கதை இது. அரசகரும மொழி விடயத்தில் அந்த இணக்கம் 1956இல் என்னவாயிற்று என்பது வேறு அலகு.

1945 ஒக்டோபர் 1ஆந் திகதி இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரச பாடசாலைகளிலும் திட்டத்தில் இணைந்த உதவி பெறும் பாடசாலைகளிலும் கட்டணம் ஒழிந்தது. 1943 அறிக்கை, 1944 விவாதம், 1945 நடைமுறை. இந்த மூன்றையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழப்பவர்கள் ஏராளம். அதேபோல இலவசப் பாடநூலையும் சீருடையையும் கன்னங்கரவின் கணக்கில் எழுதாதீர்கள். பாடநூல் 1980இலும் சீருடை 1993இலும் வந்தவை. அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பின்னர் வேறு அரசாங்கங்கள் கொண்டுவந்தவை.

அவருடைய திட்டம் எட்டாத இடமொன்றும் உண்டு. வழிகாட்டி நூல்கள் பல இதனை விட்டுவிடுகின்றன. மலையகத் தோட்டங்களில் இருந்த பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் இருந்தன. ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு. பல இடங்களில் நிலைமை இதுவே. அங்கும் கட்டணம் இல்லைதான். ஆனால் ஐந்துக்கு மேலே போவதற்குப் பாடசாலையே அருகில் இல்லாத பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரை இலவசம் என்பதால் என்ன பயன்? அரசாங்க சபையில் தோட்ட மக்களுக்காகப் பேசிய கோ. நடேசய்யர் போன்றோர் இருந்தும் நிலைமை மாறவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை இன்னும் பின்னே தள்ளியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். ஹற்றன், பதுளை, நுவரெலியாப் பக்கத்திலிருந்து இதனைப் படிக்கும் மாணவர்களே, உங்கள் பாட்டன்மாருக்கு இந்த 1945 வந்து சேரவில்லை. கட்டுரையில் இதனை எழுதினால் கன்னங்கரவைக் குறைத்து எழுதியதாகாது. சட்டம் வருவது வேறு, அது வீட்டு வாசலுக்கு வருவது வேறு என்பதை நீங்கள் விளங்கிக்கொண்டீர்கள் என்றே பரீட்சகர் கொள்வார்.

பதினாறு வருடங்கள் தொடர்ச்சியாகக் கல்வி அமைச்சராக இருந்தவருக்கு 1947இல் என்ன நடந்தது தெரியுமா? சோல்பரி யாப்பின்கீழ் நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் மத்துகமையில் நின்ற கன்னங்கர தோற்றுப்போனார். மத்திய பாடசாலை கட்டிக்கொடுத்த அதே மத்துகமை. வென்றவர் வில்மட் பெரேரா. அவரும் ஹொரணையில் ஸ்ரீபாலி என்ற கல்வி நிலையத்தை உருவாக்கியவர்தான். இலவசக் கல்வியின் முதற் பயனாளிகள் அப்போது பாடசாலைப் பிள்ளைகள், அவர்களுக்கு வாக்கில்லை. பகைத்துக்கொண்ட பெரியவர்களுக்கோ வாக்கும் செல்வாக்கும் இரண்டும் இருந்தன. தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம், இதுவும் அவற்றுள் ஒன்று என்பது என் எண்ணம். சுதந்திர இலங்கையின் முதற் கல்வி அமைச்சர் ஈ.ஏ. நுகவெல. அந்தப் பதவிக்குக் கன்னங்கர பின்னர் திரும்பவேயில்லை.

இடையில் இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாகச் சிலகாலம் பணியாற்றினார். 1952 தேர்தலில் அகலவத்தைத் தொகுதியில் வென்று பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது அவருக்கு வயது 67. உள்ளூராட்சி அமைச்சுக் கொடுக்கப்பட்டது. நாட்டின் பாடசாலை அமைப்பையே மாற்றியவர் பட்டினசபைகளின் விடயங்களைக் கவனித்தார். 1956இல் அரசியலிலிருந்து ஒதுங்கினார்.

முதுமையில் கையில் பணமில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பொதுவாழ்விலும் அதிற் பெரும்பகுதி அமைச்சர் பதவியிலும் இருந்தவர் சொத்துச் சேர்த்திருக்கவில்லை. 1963இல் அரசாங்கம் 10,000 ரூபா கொடுத்தது. 1965 முதல் மாதம் 500 ரூபா உதவித்தொகை வழங்கப்பட்டது. இந்தக் கைநூலுக்கும் மாலை நேர வகுப்புக்கும் உங்கள் பெற்றோர் கொடுக்கும் காசையும், அதனை வாங்கிக்கொண்டு அவரைப் பற்றிப் பாடஞ் சொல்லும் என்னையும் அவர் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

1969 செப்டெம்பர் 23ஆந் திகதி, 85ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் அவர் காலமானார். 1945இல் முதல் வகுப்புக்குப் போன பிள்ளைகள் அப்போது முப்பதை நெருங்கியிருந்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் கிராமத்துப் பாடசாலைகளின் கரும்பலகை முன்னால் அவர்களிற் பலர் ஆசிரியராக நின்றுகொண்டிருந்தார்கள்.